மிளகின் வயிறு – 9: கார்டு இல்லாத அரிசி

மிளகின் கதை உங்களுக்குத் தெரியும். ஒன்பது வயதுக் கறுப்புப் பூனை, எட்டு மாதமாக விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு, வாரம் இரண்டு வாந்தி, ஐந்து கிலோவிலிருந்து 3.700க்கு இறங்கிய உடம்பு. புழு மருந்து, மலப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் எழுதியாகிவிட்டது. சாப்பாட்டை மாற்றிய கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை மூன்றாவது ஊசிக்குப் போனோம். ரத்தத்தில் பி12 அடிமட்டத்தில் இருந்ததால், வாரம் ஒன்று வீதம் ஆறு வாரம் போடச் சொன்ன ஊசி. பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து 250 மைக்ரோகிராம் ஏற்றுவார்கள். மருந்து நல்ல சிவப்பு, மாதுளைச் சாறு மாதிரி. "மீனும் ஈரலும் தின்னு வளந்தவ, இவளுக்கு எப்படி டாக்டர் பி12 குறையும்?" என்று கேட்டேன். சிரிஞ்சை மூடிக்கொண்டே சொன்னார்: "நமக்கு அந்த வேலைய இரைப்பை பாக்குது. பூனைக்குக் கணையம் மட்டும்தான் பாக்கும்மா."

அந்த ஒரு வாக்கியத்தோடுதான் இந்த வாரம் முழுக்க இருந்தேன்.

பி12ஐச் செடி செய்யாது, விலங்கும் செய்யாது. நுண்ணுயிரிகள் மட்டுமே செய்கின்றன. இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக அது வயிற்றுக்கு வந்து சேரும். வந்தால் மட்டும் போதாது. உடம்பே சுரக்கும் ஒரு புரதம் அதன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அகக்காரணி என்று அதற்குப் பெயர். இரண்டும் சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போனால்தான் அங்கே கதவு திறக்கும். ரேஷன் கடையில் அரிசி மூட்டை மூட்டையாக இருக்கும். கார்டு இல்லாமல் போனால் ஒரு பிடி கிடைக்காது. அகக்காரணிதான் அந்தக் கார்டு. மனிதனுக்கு இரைப்பை அதை வழங்குகிறது. பூனைக்கு வழங்கும் இடம் ஒன்றே ஒன்று, கணையம்.

இந்தக் கார்டைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1920களில் ஒருவகைக் கொடிய ரத்தசோகை மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. நிறைய ஈரல் சாப்பிட்டால் பிழைக்கிறார்கள் என்று 1926இல் மைனட்டும் மர்ஃபியும் காட்டினார்கள். ஏன் பிழைக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. பாஸ்டன் நகர மருத்துவமனையில் வில்லியம் கேஸில் என்ற இளம் மருத்துவர் வேறு விதமாக யோசித்தார். நாம் மட்டும் ஏன் தினம் அவ்வளவு ஈரல் தின்னாமலே நன்றாக இருக்கிறோம்? அரைவேக்காட்டுக் கொத்திறைச்சி 300 கிராமைத் தானே சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தானே வெளியே எடுத்து, பக்குவப்படுத்திக் குழாய் வழியாக நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர்களின் ரத்தம் ஊறத் தொடங்கியது. அதே இறைச்சியை நேராகக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. ஆரோக்கியமான இரைப்பையில் ஏதோ ஒன்று இருக்கிறது, இந்த நோயாளிகளிடம் அது இல்லை. இப்படித்தான் அகக்காரணி பிடிபட்டது. ஈரல் வைத்தியத்துக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது, கேஸிலுக்கு இல்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இறைச்சியில் இருந்த மற்றப் பாதி 1948இல்தான் சிவப்புப் படிகமாகக் கைக்கு வந்தது. அதுதான் பி12. அதன் நடுவே ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது. அந்த முழு அமைப்பையும் எக்ஸ்ரே கொண்டு வரைந்து காட்டியவர் டோரத்தி ஹாட்ஜ்கின். 1964இல் அவருக்கு நோபல். மிளகின் பிடரியில் ஏறும் அரைக்கால் ஸ்பூன் சிவப்புக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

மிளகுக்கு வருகிறேன். பூனையின் உடலில் கணையக் குழாயும் பித்தக் குழாயும் ஒன்றாகச் சேர்ந்தே குடலுக்குள் திறக்கின்றன. அதனால் குடலில் அழற்சி வந்தால் கணையமும் ஈரலும் கூடவே புண்படுவது பூனைகளில் சகஜம். கணையம் சோர்ந்தால் கார்டு குறையும். குடல் புண்பட்டால் கடையே பாதி மூடிக்கிடக்கும். மனிதனின் ஈரலில் சில ஆண்டுகளுக்கான பி12 இருப்பு உண்டு. பூனைக்கு அந்த வசதி கிடையாது. ஆரோக்கியமான பூனையின் உடம்பில் இருப்பு பாதியாக ஏறக்குறைய 13 நாள் ஆகும், குடல்நோய் வந்த பூனைக்கு 5 நாள் போதும். பி12 இறங்கினால் குடலின் உள்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது, பசியும் போய்விடும். பசி போனால் உள்ளே வருவதும் குறையும்.

பிப்ரவரியில் நான் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துத் தோற்றதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. கோழியையும் மீனையும் நிறுத்தி, அவள் அதுவரை தொடாத வாத்துக்கறியை வேகவைத்துப் பதினைந்து நாள் கொடுத்தேன். துளி மாற்றமில்லை. உணவு காரணமில்லை என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். பி12 தரைதட்டிக் கிடக்கும்போது உணவை மாற்றினாலும், ஸ்டீராய்டே கொடுத்தாலும் சில பூனைகள் தேறாது என்கிறார் டாக்டர். முதலில் பார்த்திருக்க வேண்டியதைக் கடைசியில் பார்த்தேன். எட்டு மாதம் அவள் பட்டாள்.

அம்மாவின் வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பல வீடுகளில் நடக்கிறது. "ஏட்டி, ரெண்டு நாள் வயித்தக் காயப்போடு, எல்லாம் சரியாப் போவும். லங்கணம் பரம ஔஷதம்." எங்கள் எல்லோரையும் அம்மா அப்படித்தான் வளர்த்தாள், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். பூனைக்கு அது ஆகாது. இரண்டு மூன்று நாள் இரை எடுக்காத பூனையின் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்க் குவியும், மஞ்சள்காமாலை வரும், உயிரே போகலாம். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். அம்மாவிடம் சொன்னேன். அன்று ராத்திரி மிளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாத்துக்கறியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டியதும் அம்மாதான்.

பால் பற்றி நான்காம் வாரம் எழுதியதற்கு இன்னும் கடிதம் வருகிறது. பாற்கடலையே நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைக் கம்பர் அவையடக்கத்தில் வைத்திருக்கிறாரே, பூனையிடமிருந்து பாலைப் பிரிக்கலாமா என்று சங்கரன்கோவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆசை இருப்பது உண்மை, ஐயா. வளர்ந்த பூனைகள் பலவற்றின் குடலில் பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோவதும் உண்மை. மிளகுக்குப் பால் இல்லை.

இன்னொருவர், ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வாய்வழி பி12ம் பூனைக்குப் பலன் தருவதாகச் சமீப ஆண்டுகளில் பார்த்திருக்கிறார்கள். அளவை உங்கள் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். மெடிக்கலில் நீங்களாக எதையும் வாங்காதீர்கள். முக்கியமாக, பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், பாதி மாத்திரைகூட ஆகாது.

வாத்துக்கறியை இந்த வாரம் மறுபடி தொடங்கியிருக்கிறோம், இந்த முறை பி12 துணையோடு. அதில் வெங்காயமும் பூண்டும் ஏன் ஒரு துண்டுகூட விழக்கூடாது, பாக்கெட் உணவில் எதை நம்பலாம் என்பதெல்லாம் அடுத்த வாரம்.

உங்கள் பூனைக்கு மூன்று வாரத்துக்கு மேல் வயிறு சரியில்லை என்றால், அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பி12ஐயும் ஃபோலேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.

நேற்றுக் காலை மிளகின் எடை 3.840.