சோப்பு டப்பாவுக்குள் ஒரு கச்சேரி

செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டைமாடி அறை. அப்பாவும் மகளுமாகப் பாட்டுப்பெட்டி செய்துகொண்டிருக்கிறார்கள். நமக்கு எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது! மேஜையில் ஆறிப்போன டீ, ரிச்சி தெருவில் வாங்கிய ஒயர்ச் சுருள்கள், பாதி கடித்த முறுக்கு. இத்தனைக்கும் நடுவே கதாநாயகன், ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ. நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30. முழுக் கணினியாம்! நான் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வேடிக்கை என்னவென்றால், பாட்டுப்பெட்டி ஆகப்போகிற இதில் ஹெட்போன் செருகக்கூட ஓட்டை இல்லை. எண்களாக வரும் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும்படி மாற்றித் தர, ‘டாக்’ என்ற ஊதா நிறக் குட்டிப் பலகை ஒன்று தனியாக வேண்டும். அதை இணைப்பதற்கு முன், கணினியில் 40 பின்களைச் சால்டர் செய்தாக வேண்டும்.

“ஃபேனை நிறுத்துப்பா, முனை சூடாறுது.”

மே மாதம். ஃபேன் நின்றது. அடுத்த நிமிடமே மூவருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கி வழுக்கி இறங்குகிறது. “ரயில்வே சிக்னல் ஒயரையே பார்த்தவன்மா நான்” என்கிறார். “பின்னுக்குப் பின் ரெண்டரை மில்லிமீட்டர்ப்பா. தண்டவாளம் இல்ல!” மகள் சிரிக்க, அவர் கை ஆட, இரண்டு பின்கள் ஈயத்தால் ஒட்டிக்கொண்டன. உறிஞ்சி எடுத்து மறுபடி முதலிலிருந்து.

அது ஆறுவதற்குள் கட்டிலுக்கடியில் பாருங்கள். பழைய லேப்டாப் ஒன்று முனகிக்கொண்டிருக்கிறது. வீட்டு சிடி பாட்டெல்லாம் அதில்தான். எடுத்துப் பரிமாறுவது லிரியன் என்ற மென்பொருள். ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பாட்டுப்பெட்டிகளுக்காகப் பிறந்தது அது. அந்தப் பெட்டிகளைச் செய்த ஸ்லிம் டிவைசஸை லாஜிடெக் 2006இல் வாங்கியது. 2012இல் பெட்டிகளை நிறுத்தியது. மென்பொருள் திறந்த மூலம் என்பதால் ரசிகர்கள் விடவில்லை. இன்றுவரை அவர்களேதான் சீராட்டி வளர்க்கிறார்கள். கடை மூடியும் கச்சேரி நடக்கிறது. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

லேப்டாப் பரிமாறும் பாட்டை வாங்கிப் பாட, குட்டிக் கணினியில் ஓடுவது பைகோர்பிளேயர் என்ற மென்பொருள். மெமரி கார்டிலிருந்து மொத்தமாக நினைவகத்துக்கு ஏறிக்கொண்டு ஓடுவதால், சட்டென்று பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிதாகக் கெடாது. கரண்ட் போய்ப்போய் வருகிற வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்து, பெட்டி. அப்பா ஆசையாக ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எடுத்து வந்தார். பளபளவென்று அழகுதான், மூடியைச் சாத்தியதும் வைஃபை காலி! கடைசியில் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குப் பதவி உயர்வு. காய்ச்சிய ஆணியால் ஒயருக்கு ஓட்டை போட்டதில், சந்தன சோப்பு வாசனையும் கருகிய பிளாஸ்டிக் நெடியும் சேர்ந்து அறையே ஒரு மாதிரியாகிவிட்டது.

ஹாலில் ஏற்கெனவே இதே மாதிரிப் பாட்டுப்பெட்டி ஒன்று உண்டு. புதியதைச் சமையலறையில் வைத்து, இரண்டிலும் ஒரே பாட்டைத் தனித்தனியாகத் தட்டினார்கள். ஐயோ! திருவிழாவில் தெருவுக்குத் தெரு கட்டிய குழாய் ஒலிபெருக்கி போல ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அலறல். மகள் போனில் இரண்டையும் ஒரே குழுவாகச் சேர்த்தாள். சட்டென்று ஒரே குரல்! நான் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து பார்த்தேன். ஒரு சொல்கூடத் தவறவில்லை. பல்லெல்லாம் தெரிய இளித்திருப்பேன்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டுப் போனை வாங்கினார், ஒரு தட்டு தட்டினார். வீடு முழுக்கப் பக்திப் பாட்டு.

“ஏய், என் பாட்டு என்ன ஆச்சு?” ஹாலிலிருந்து அப்பா.

“உங்களுக்கு வேணும்னா மாடிக்குத் தனியா ஒண்ணு பண்ணிக்கோங்க.”

அப்பா அதற்குள் குளியலறையில் இருந்தார். இருக்கிற இன்னொரு டப்பாவிலிருந்து சோப்பை எடுத்து வெளியே வைக்கிற சத்தம் கேட்டது.