மய்யித்தைக் குளிப்பாட்டியவரின் மனச்சுமையை யார் கேட்பது?

கொரோனா காலத்தில், 2020, 2021 ஆண்டுகளில், சொந்த உறவினரே நெருங்கத் தயங்கிய உடல்களைத் தமுமுக உள்ளிட்ட அமைப்புகளின் தன்னார்வலர்கள் மத வேறுபாடு பாராமல் அடக்கம் செய்ததை நாம் அறிவோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் தத்தளித்தபோதும் ஜமாஅத் இளைஞர்கள் களத்தில் நின்றார்கள். பாராட்டினோம், சால்வை போட்டோம். "உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?" என்று மட்டும் கேட்கவில்லை.

சாயர்புரம் பக்கம் மய்யித் குளிப்பாட்டும் சகோதரர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "ஹஜ்ரத், விபத்துல மவுத்தான ஒரு பையனைக் குளிப்பாட்டினதுல இருந்து கற்பூர வாசனை வந்தாலே சாப்பாடு இறங்கல. யார்கிட்டயும் சொல்லல. மய்யித்துல பார்த்ததை வெளியே சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே பயான்ல சொன்னீங்க?"

சொன்னது நாம்தான். சட்டமும் சரிதான். ஆனால் மய்யித்தின் குறையை மறைப்பது வேறு, தன் மனத்தின் வலியை மறைப்பது வேறு. இந்த வேறுபாட்டை பயானில் நாம் விளக்கியிருக்க வேண்டும்.

மனத்தை உருக்கும் வேலை செய்பவர்களுக்காக உலகின் பல இடங்களில் "சூப்பர்விஷன்" என்றொரு ஏற்பாடு இருக்கிறது. சூப்பர்வைசர் வந்து வேலை வாங்குவது என்று நினைத்துவிட வேண்டாம். அனுபவமுள்ள ஒருவரிடம் குறிப்பிட்ட நாளில் உட்கார்ந்து, நடந்தது என்ன, நான் என்ன செய்தேன், எனக்குள் என்ன நேர்ந்தது, வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று பேசுவதுதான் அது. 1950களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற மருத்துவர், பொதுநல மருத்துவர்களைக் குழுவாக உட்காரவைத்து, தங்களைக் கலங்கடித்த நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தார். 1953இல் அங்கே தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பில், தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவர்களிடம் பேசும் தன்னார்வலர், ஷிப்ட் முடிந்ததும் கேட்டதையெல்லாம் பொறுப்பாளரிடம் இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கம்.

தன்னைத் தானே கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 243இல் மறைந்த ஹாரிஸ் அல்முஹாஸிபி (ரஹ்) அவர்களின் பெயரே முஹாஸபாவிலிருந்து வந்ததுதான். ஆனால் தனியே பார்க்கும் கணக்கில் ஒரு குறை உண்டு: நம் தவறை நாமே மன்னித்துவிடுவோம், அல்லது இல்லாத தவறுக்கு நம்மையே வதைப்போம். தலாக் பஞ்சாயத்தில் உட்காரும் இமாமுக்குத் தன் சகோதரியின் கண்ணீர் நினைவுக்கு வந்து, தம்மை அறியாமலே ஒரு பக்கம் சாயலாம். அதை எதிரே இருக்கும் இன்னொருவர்தான் கண்டுபிடிப்பார்.

இது கீபத் ஆகாதா? இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் கீபத் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைச் சொல்கிறார்கள். ஃபத்வா கேட்பது அவற்றுள் ஒன்று. தம் கணவர் அபூ ஸுஃப்யான் செலவுக்குப் போதுமானதைத் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. வழிகாட்டல் தேடி நம்பகமான ஒருவரிடம் பேசுவதும் இந்த வகையில் சேரும் என்பது நம் கருத்து. ஊரும் பெயரும் அடையாளமும் தேவையில்லை. "ஒரு குடும்பம்" என்றால் போதும்.

மாதம் ஒரு முறை, இஷாவுக்குப் பிறகு, நான்கு பேர். கேட்பவர் ஜமாஅத் நிர்வாகியாக இருக்கக் கூடாது என்பதில் நாம் பிடிவாதமாக இருக்கிறோம். சம்பளமும் பதவியும் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் எவரும் தம் தடுமாற்றத்தைச் சொல்வதில்லை. பக்கத்து ஊர் மூத்த ஆலிம் ஒருவர் பொருத்தமானவர். வாரக்கணக்கில் தூக்கம் போய்விட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டுவது நம் வீட்டு உம்மாக்களும் லாத்தாக்களும்தான். பள்ளிவாசலில் கூடும் மஷூராவில் அவர்களுக்கு இடமிருக்காது. அவர்களுக்கென ஓர் ஆலிமா, ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு மாலைப்பொழுது தனியாக ஏற்பாடாக வேண்டும்.