எல்லாருக்கும் ஒரு முற்றம்



நம் கடற்கரை ஊர்களில் முன்னாளில் வீடு எத்துணைச் சிறியதாயினும் அதற்கு ஒரு முற்றம் இருந்தது. பகலில் அங்கே வலை பழுது பார்த்தனர், கருவாடு உலர்த்தினர். இரவில் பாய் விரித்து, கடற்காற்றில் படுத்தபடி பெரியோர் கதை கூறினர், சிறுவர் கேட்டனர். வழிப்போக்கனும் அங்கே அமர்ந்து ஒரு செம்பு நீர் கேட்டுப் பருகலாம்.

அந்த முற்றம் இன்று எங்கே? பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தபோது பாதி போயிற்று. வாடகைக்கு ஓர் அறை கட்டியபோது மீதியும் போயிற்று. இன்று தூத்துக்குடியின் நெருக்கமான தெருக்களில் பல குடும்பங்கள் ஓரறை வீட்டில் வாழ்கின்றன. உண்பதும் உறங்குவதும் பிள்ளைகள் படிப்பதும் அந்த ஓர் அறையிலேயே. இக்குடும்பங்களுக்கு எஞ்சியுள்ள முற்றம் ஒன்று உண்டெனில் அது பொதுப் பூங்காவே. ஆகையால் பூங்காவை ஊரின் அலங்காரம் என்று எண்ணுவது தவறு. அது ஏழைக் குடும்பத்தின் வீட்டில் ஒரு பகுதி. வீட்டுக்கு வெளியே அமைந்த பகுதி.

ஒரு மூதாட்டியின் கணக்கு

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறோர் ஊரில் பங்குப் பணியாற்றினேன். மாலை வேளையில் அவ்வூர்ப் பூங்காவைக் கடந்து நோயாளிகளைச் சந்திக்கச் செல்வது வழக்கம். வாயிலருகே வேப்பமரத்தடிப் பெஞ்சில் ஒரு மூதாட்டி நாள்தோறும் அமர்ந்திருப்பார். மகன் வீட்டில் ஓர் அறை, மருமகள் பீடி சுற்றுவாள், பேரப்பிள்ளைகள் மூவர். மாலை நான்கு மணிக்கு வெளியே வந்துவிட்டால் வீட்டிலுள்ளோர்க்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும், தமக்கும் நாலு முகம் பார்க்கக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

ஒரு நாள் கடும் வெயில். கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வேண்டாம் சாமி. நான் மூணு மணிக்கு மேல தண்ணி குடிக்கதில்ல" என்றார். ஏன் என்று கேட்டேன். பூங்காவின் மூலையில் இருந்த கழிப்பறையைக் கைகாட்டினார். அதன் கதவில் பூட்டுத் தொங்கியது. அது கட்டி முடித்த நாள் முதல் திறந்ததைவிடப் பூட்டியிருந்த நாளே அதிகம் என்று பிறகு அறிந்தேன்.

அதுவரை அந்தப் பூங்காவை ஒரு நல்ல பூங்கா என்றே நான் எண்ணியிருந்தேன். அங்கே நீரூற்று இருந்தது. வண்ண விளக்கு இருந்தது. திறப்பு விழாக் கல்வெட்டும் இருந்தது. ஆனால் எழுபது வயது கடந்த ஒரு தாய் அங்கே இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்க, தாகத்தை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அவருக்குச் சிறுநீர்க் கோளாறு என்று மருத்துவமனையில் சேர்த்தனர். இதுதான் காரணம் என்று கூற நான் மருத்துவன் அல்லன். ஆயினும் அன்று முதல் எந்தப் பூங்காவுக்குள் நுழைந்தாலும் என் கண்கள் முதலில் தேடுவது மலர்ப்பாத்தியை அன்று, கழிப்பறைக் கதவைத்தான்.

பூங்காவை நாடுவோர் யார்?

கடலுக்குச் செல்லாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் நம் தூத்துக்குடி மீனவக் குடும்பங்கள் எங்கே செல்கின்றன? கடற்கரைச் சாலையில் உள்ள ரோச் பூங்காவுக்கும், முத்துநகர்க் கடற்கரைக்கும், நகரின் உட்பகுதியில் இராஜாஜி பூங்காவுக்கும் சென்று பாருங்கள். பனிமய மாதா திருவிழா நடைபெறும் நாட்களில், சூலை இறுதி தொடங்கி ஆகஸ்டு 5 வரையில், வெளியூர்களிலிருந்து வந்தோர் பொதிசோற்றை அவிழ்த்துப் பிள்ளைகளுக்கு ஊட்ட நிழல் தேடி அலைவதையும் பாருங்கள். உப்பளத்தில் வேலை செய்வோரை நினையுங்கள். விடியுமுன் தொடங்கும் அவர்கள் வேலை வெண்ணிறப் பாத்திகளின் நடுவே நடப்பது. அங்கே நிழல் என்று சொல்ல மரமொன்றும் இராது. அவர்கள் மாலையில் குளித்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே வரும்போது மணி ஏழாகியிருக்கும். எட்டு மணிக்கு வாயிலைப் பூட்டிவிடும் பூங்கா அவர்களுக்குப் பயன்படுமா?

இவர்களுக்கு வேண்டுவன பெரியவை அல்ல. குடிக்கத் தகுந்த நீர் வரும் ஒரு குழாய், திறந்திருக்கும் கழிப்பறை, அதில் பெண்களுக்குத் தனியிடம், உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, சாய்ந்து அமர முதுகுள்ள பெஞ்சு, அதன்மேல் நிழல், சக்கர நாற்காலி ஏறும்படியான சரிவுப் பாதை, முறியாத ஊஞ்சல், அதன் கீழே பிள்ளை விழுந்தால் தாங்கும் மணல், இவை அனைத்தையும் கவனிக்க ஒரு காவலாளி. நீரூற்றுக்கும் வண்ண விளக்குக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இச்செலவு சிறிது. ஆனால் அந்தச் செலவு ஒரு நாளில் முடிகிறது. இந்தச் செலவோ ஒவ்வொரு நாளும் தொடர்கிறது. ஆகையால்தான் அது நடக்கிறது, இது நின்றுவிடுகிறது.

நிழலைப் பற்றி ஒரு சொல். நம் மாவட்டத்தில் மழை குறைவு. பெய்வதும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இத்தகைய மண்ணில் நாள்தோறும் நன்னீர் கேட்கும் புல்தரையை விரிப்பதைவிட, உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசு, புங்கன், புன்னை, வேம்பு ஆகியவற்றை நடுவதே அறிவுடைமை. புல்தரையில் "அமராதீர்" என்று பலகை வைப்பர். மரத்தடியிலோ யாரும் அமரலாம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நகராட்சித் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரை இந்நகருக்குக் கொண்டுவர உழைத்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. அவருடைய மணிமண்டபம் எம்.ஜி.ஆர். பூங்காவில் அமைந்திருக்கிறது. தாகம் தீர்த்தவரை நினைப்பதற்குப் பூங்காவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தூத்துக்குடியின் ஒவ்வொரு பூங்காவிலும் வற்றாத ஒரு குழாய் இருக்குமாயின், அதுவே அவருக்கு நாம் வைக்கும் மற்றொரு நினைவுச் சின்னமாகும்.

உலகம் கற்ற பாடம்

பூங்கா என்பது செல்வர்க்குரியது என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருந்தது. இங்கிலாந்தில் டார்பி நகருக்கு ஜோசப் ஸ்ட்ரட் என்னும் ஆலை உரிமையாளர் 1840இல் ஒரு மரப்பூங்காவை நன்கொடையாக அளித்தார். அங்கும் வாரத்தில் இரண்டு நாட்களே கட்டணமின்றி நுழையலாம். ஏனைய நாட்களில் காசு கொடுக்க வேண்டும். லிவர்பூல் துறைமுகத்திற்கு எதிர்க்கரையில் உள்ள பர்கன்ஹெட் நகரமோ பொதுப்பணத்தில் நிலம் வாங்கி, 1847இல் எல்லாருக்குமாக ஒரு பூங்காவைத் திறந்தது. 1850இல் அதனைக் கண்ட அமெரிக்கரான ஓம்ஸ்டெட், ஏழையும் செல்வரும் அங்கே ஒருங்கே உலவியதைக் கண்டு வியந்தார். அவரே பின்னர் நியூயார்க் நகரின் புகழ்பெற்ற மத்தியப் பூங்காவை வடிவமைத்தோருள் ஒருவரானார். நம்மைப் போன்றதொரு துறைமுகப் பகுதியிலிருந்தே இப்பாடம் உலகுக்குச் சென்றது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டிலும் அதே காலத்தில் நல்ல தொடக்கம் இருந்தது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், நகரின் நடுவே நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற மக்கள் பூங்காவுக்கு வித்திட்டார். அதில் குளங்களும் உயிரியல் காட்சிச்சாலையும் இருந்தன. அது இன்று எங்கே? விக்டோரியா பொது மண்டபம் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. மூர் மார்க்கெட் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. விளையாட்டரங்கமும் எடுத்துக்கொண்டது. இன்று 'மை லேடீஸ் பூங்கா' என்ற சிறு துண்டு எஞ்சி நிற்கிறது. கவனியுங்கள்: அந்தப் பூங்காவைத் தீயவர் எவரும் திருடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் இருந்தது. பூங்காக்கள் பெரும்பாலும் இவ்வாறே, நல்ல காரணங்களால் மறைகின்றன.

புறநகரில் நிகழ்வது

தூத்துக்குடி 2008இல் மாநகராட்சியாயிற்று. பின்னர் மீளவிட்டான், சங்கரப்பேரி, முத்தையாபுரம், அத்திமரப்பட்டி முதலிய ஊராட்சிப் பகுதிகளும் அதனோடு இணைந்தன. நம் குடும்பங்களில் பலர் கடன் வாங்கி மனை வாங்குவது இத்தகைய பகுதிகளில்தான். அங்கே மனைப்பிரிவின் வரைபடத்தில் பச்சை நிறத்தில் ஒரு கட்டம் இருக்கும். "பூங்கா" என்று எழுதியிருக்கும். அது விற்பனையாளர் மனமுவந்து தந்த அன்பளிப்பு அன்று. தமிழக விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் இலவசமாக ஒப்படைத்தல் வேண்டும். நீங்கள் மனைக்குக் கொடுத்த விலையில் அந்த நிலத்தின் விலையும் அடங்கியிருக்கிறது.

ஆனால் நேரில் சென்று பார்த்தால் அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது? பல இடங்களில் சீமைக்கருவேல் முட்செடியும் குப்பையும் இருக்கும். சிலவற்றில் யாரோ ஒருவர் கொட்டகை போட்டிருப்பார். எங்கோ ஓரிடத்தில் கோயிலோ, ஆலயமோ, சங்கக் கட்டடமோ எழுந்திருக்கும். இதைக் குரு ஒருவர் எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் சொல்லியே ஆகவேண்டும்: எவ்வளவு நல்ல நோக்கமாயினும், பிள்ளைகள் ஓடியாட ஒதுக்கிய நிலத்தின்மேல் கட்டும் உரிமை எவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

நாட்டின் உச்ச நீதிமன்றமே இதனைத் தெளிவாக்கியது. பெங்களூரில் ஒரு மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்கு அளித்தனர். அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனை நல்லதுதானே என்ற வாதம் எடுபடவில்லை. பூங்கா நிலத்தைத் தனியார்க்கு மாற்றியது செல்லாது என்று 1991இல் தீர்ப்பாயிற்று. நம் மாநிலத்திலும் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காக்க 1959ஆம் ஆண்டு முதலே தனிச்சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாமையன்று நம் குறை. அதைக் கேட்பார் இல்லாமையே.

திறந்த நிலத்தின் அருமையை வேறொரு வகையிலும் நாம் உணர்ந்தோம். 2023 டிசம்பரில் பெருமழை பெய்து, நகரின் பல தெருக்களில் நாட்கணக்கில் வெள்ளம் நின்றதே! நீர் மண்ணுக்குள் இறங்கச் சிமெண்டு பூசாத இடம் வேண்டும். மரமும் மண்ணும் உள்ள ஒவ்வொரு பூங்காவும் தன்னால் இயன்றவரை மழைநீரை உறிஞ்சுகிறது. அதையும் கட்டடமாக்கிவிட்டு, நீர் ஏன் வீட்டுக்குள் வந்தது என்று கேட்பதில் பயனில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, மனை வைத்திருப்போர் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டதா, அதன் அளவு யாது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் இது. பத்து ரூபாய்க் கட்டணமே.

இரண்டாவது, பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். கிராம சபை போன்று நகர்ப்புறத்திலும் 2022 முதல் இக்கூட்டங்கள் நடைபெறுகின்றன. "பூங்காவை அழகுபடுத்துங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கழிப்பறையின் சாவி யாரிடம் உள்ளது? குழாயில் எந்நேரம் நீர் வரும்? வாயில் எத்தனை மணிக்குப் பூட்டப்படும்? இம்மூன்றையும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.

மூன்றாவது, நம் கைகளால் இயன்றதைச் செய்வோம். ஒரு தெருவினர் ஒரு மரத்தை மூன்று கோடைகளுக்கு நீர் ஊற்றிக் காத்தால் போதும். பிறகு அது அவர்களைக் காக்கும். உண்ட இலையையும் நெகிழிப் பையையும் பூங்காவில் விட்டுவிட்டு வந்து, நகராட்சியைக் குறைகூறும் நாவு நமக்கு வேண்டாம்.

பூங்கா நன்றாக இருக்கிறதா என்று அறிய நான் ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறேன். அங்கே ஒரு மூதாட்டி தாகம் எடுத்தபோது அச்சமின்றித் தண்ணீர் குடிக்க முடியுமா? முடியுமெனில் அது பூங்கா. முடியாதெனில், நீரூற்று எவ்வளவு உயரம் எழும்பினாலும், அங்கே இன்னும் வேலை மிச்சமிருக்கிறது.

நான் குறிப்பிட்ட அந்தத் தாய் இன்று நம்மிடையே இல்லை. அவர் அமர்ந்த பெஞ்சு இருக்கக்கூடும். அதில் இன்று மாலை வேறொருவர் அமர்ந்திருப்பார். அவர் உங்கள் பாட்டியாகவும் இருக்கலாம். நாளை நீங்களாகவும் நானாகவும் இருக்கலாம். அவருக்காகவேனும் அந்தப் பூட்டின் சாவியைக் கேட்டு வாங்குவோம்.