மளிகைக் கடையில் மாத்திரை வேண்டாம்

"அண்ணாச்சி, உடம்பு வலிக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டு ஆள் வராத நாள் நமது கடைகளில் இல்லை. புதியம்புத்தூரில் காலை முதல் இரவு வரை தையல் மிஷினில் குனிந்திருப்பவர்களுக்கு இடுப்பும் கழுத்தும் வலிக்கத்தான் செய்யும். தீபாவளி ஆர்டர் சமயத்தில் சொல்லவே வேண்டாம். டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போய்விடும் என்று நம்மிடம் வருகிறார்கள். தெரிந்த முகமாயிற்றே என்று நாமும் எடுத்துக் கொடுக்கிறோம். இதில் நமக்குப் பெரிய லாபமில்லை. உதவி என்றே நினைக்கிறோம். அது உதவிதானா என்பதை வணிகப் பெருமக்கள் யோசிக்க வேண்டும்.

டாக்டர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளில் நம் பக்கம் அதிகம் புழங்குபவை நான்கு வகை.

வலி மாத்திரை: டைக்ளோபினாக் போன்றவை. வெறும் வயிற்றில் அடிக்கடி விழுங்கினால் குடலில் புண்ணாகி இரத்தம் கசியும். நமது வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்குச் சிறுநீரகமும் கெடும்.

ஸ்டீராய்டு: டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்றவை. 'செட்டு' மாத்திரையில் உடனே சுகம் தருவது பெரும்பாலும் இதுதான். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து.

ஆன்டிபயாடிக்: அமாக்சிசிலின், அசித்ரோமைசின் போன்றவை. வைரஸால் வரும் சளிக்கு இவை பயன்படா. கண்டபடி சாப்பிட்டால், பின்னர் உண்மையில் தேவைப்படும்போது மருந்து கேட்காமல் போகும்.

தூக்க மாத்திரை: அல்பிரசோலம் போன்றவை. பழகினால் விடாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும்.

சாதாரணப் பாரசிட்டமாலும் அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும். ஒரே நாளில் இரண்டு பெயரில் அதையே வாங்கி விழுங்குகிறவர்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? பாரசிட்டமால், வயிற்றுப் புளிப்பு மருந்து போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமல் விற்க 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் சலுகை தருகின்றன. ஆனால் அது மக்கள்தொகை 1,000-க்கு மேற்படாத கிராமத்துக்கு மட்டுமே. புதியம்புத்தூர் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. உரிமமின்றி விற்றால் 3 முதல் 5 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்து இறந்தனர். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' அது. ஒரு பேட்ச் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டது. அது டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதான். ஆனாலும் மருந்துக் கடையில் பில்லும் பேட்ச் எண்ணும் இருக்கும். எந்தச் சரக்கைத் திருப்ப வேண்டும் என்று தெரியும். நாம் கத்தரித்துக் கொடுக்கும் இரண்டு மாத்திரைக்கு என்ன அத்தாட்சி இருக்கிறது?

ஆகவே அட்டையில் சிவப்புக் கோடோ 'ஆர்எக்ஸ்' குறியோ கண்டால் அந்தச் சரக்கைக் கடையில் ஏற்றாதீர்கள். கேட்டு வருபவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே மருந்து இலவசம். போக வழியில்லாதவர் 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். ஒரு மாத்திரையை மறுப்பதால் வாடிக்கை போய்விடாது. வாடிக்கையாளர் நலமாக இருந்தால்தான் நமக்கும் வியாபாரம்.