அக்காவின் டிப்ளமோவும் துபாய் வேலையும்

நண்பர்களே, "டிப்ளமோ முடிச்சா துபாய், இல்லேன்னா கனடா" என்று நம் ஹாஸ்டலில் பேசாத நாள் உண்டா? என் பெரியப்பா மகளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா இரண்டு வருட ஆப்டோமெட்ரி டிப்ளமோ படித்தவர். குன்னூரில் கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிறு என்றால் எஸ்டேட் முகாம். கொழுந்து எடை போடும் கொட்டகையில் எழுத்துப் பலகையை மாட்டி, இருபது அடி அளந்து பெஞ்ச் போட்டு, சாயங்காலம் மூடுபனி இறங்கும்வரை பவர் பார்ப்பார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

"துபாயில் ஆப்டோமெட்ரிஸ்ட் வேலை ரெடி" என்றார் ஒரு ஏஜென்ட். நாற்பதாயிரம் கட்டினார் அக்கா. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பதவிக்கு துபாய் சுகாதார ஆணையம் பட்டப்படிப்பு கேட்கிறது என்று. பணம் போனது போனதுதான்.

ஏன் இப்படி என்று விசாரித்தேன். பெயர் ஒன்று, வேலை வேறு! அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்ட் 50 மாநிலங்களிலும் கண் நோய்க்கு மருந்து எழுதித் தரலாம். அதற்காக அங்கே நான்கு வருட ஓ.டி. பட்டம், தேசியத் தேர்வு, அதன் மேல் மாநில லைசென்ஸ். பிரிட்டனில் 1958 சட்டப்படி அமைந்த கவுன்சிலில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம்.

நம் நாட்டிலும் பட்டப்படிப்பு உண்டு. சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி சென்னையில் 1985லேயே தொடங்கிவிட்டது. 2021ல் வந்த மத்தியச் சட்டமோ மணிக்கணக்கே போட்டுவிட்டது. துணைநிலைப் பணியாளருக்குக் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு. முழுத் தகுதி பெற்ற சுகாதார வல்லுநருக்கு 3600, அதுவும் பட்டமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரன் மட்டும்தான் பிரித்துப் பார்க்கிறான் என்று திட்டிக்கொண்டிருந்தேன், நம்ம சட்டமும் அதையே சொல்கிறது!

இன்னொரு விஷயம். துபாய்க்கு விண்ணப்பித்தால் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் சான்றிதழ் தந்த கல்லூரியையே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும். கல்லூரி பதில் போடாவிட்டால் ஃபைல் நகராது. பாடத்திட்டமும் மணிக்கணக்கும் முத்திரையோடு கையில் இருந்தால், எந்த நாட்டுக்காரர் கேட்டாலும் காட்டலாம். அக்கா தன் பழைய கல்லூரிக்கு மூன்று தடவை பஸ் ஏறிப் போய் அதை வாங்கினார். இப்போது பட்டப்படிப்பில் இரண்டாம் வருடத்திலேயே சேர வழி உண்டா என்று ஒவ்வொரு கல்லூரியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் நானும் நம்ம ஆபீஸில் பாடத்திட்ட நகல் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேப்பா" என்றார் கிளார்க் அண்ணன்.