தண்ணீருக்கு அடங்கும், பெட்ரோலுக்கு அடங்காது

பழைய புல்லட்டிலிருந்து பெட்ரோல் காக்கைக் கழற்றி, மூடிய நிலையில் வைத்து, அதற்குள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பல நேரம் ஒரு சொட்டுக்கூடக் கசியாது. 'காக் நன்றாகத்தானே இருக்கிறது' என்று திரும்ப மாட்டிப் பெட்ரோல் நிரப்பினால், மறுநாள் காலையில் வண்டிக்கடியில் தரை ஈரமாக இருக்கும். காக்கில் மாயம் ஒன்றும் இல்லை. வேறுபாடு இரண்டு திரவங்களுக்கும் இடையில்தான்.

காக்குக்குள் இருக்கும் ரப்பர் வாஷரின் மேல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு நிற்கும். அதன் பரப்பு இழுவிசை அதிகம். முடியளவுகூட இல்லாத இடுக்குக்குள் அதை நுழைக்க ஓரளவு அழுத்தம் வேண்டும். டேங்க்கில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் திரவம் தரும் அழுத்தமோ, நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய இரண்டு சதவீதம்தான். ஆகவே தண்ணீர் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பெட்ரோலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது ரப்பர், பித்தளை எதன்மேலும் படர்ந்து, தள்ளாமலே இடுக்குக்குள் ஊர்ந்துவிடும். பிசுபிசுப்பும் தண்ணீரைவிடக் குறைவு என்பதால் உள்ளே போனது வேகமாக வெளியே வருகிறது.

திருவண்ணாமலைக்கு வடக்கே வேலூர் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில் இந்தச் சொட்டுக்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு, வெயில். சித்திரையில் பாதரசம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊர் இது. 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 190 மில்லி விரிகிறது. காலையில் கழுத்துவரை நிரப்பி வெட்டவெளியில் நிறுத்திய வண்டியில், டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தால், விரியும் பெட்ரோலும் அதன் ஆவியும் சேர்ந்து காக்கைத்தான் நெருக்கும்.

புல்லட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. ராணுவத்துக்காக அந்த வண்டி இங்கிலாந்திலிருந்து வரத் தொடங்கியது 1950களின் தொடக்கத்தில். 1955இல் அதைச் செய்த ரெட்டிச் நகரத்து நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் பாகங்களை இணைத்தார்கள், பிறகு பாகங்களையே செய்தார்கள். தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் சென்னையிலிருந்து அந்த வண்டி தொடர்ந்து வெளிவந்தது. அதனால்தான் வலக்கால் கியர் போட்ட, காக் வைத்த புல்லட்டுகளை இன்றும் நம் சாலைகளில் பார்க்கிறோம்.

அந்தக் காக் எளிமையான அற்புதம். பெட்ரோல் அளவுகாட்டி இல்லாத காலத்தில் அதுதான் எச்சரிக்கை மணி. டேங்க்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாயின் உச்சியில் ஒரு வாய், அடியோடு ஒட்டி இன்னொரு வாய். 'ஆன்' நிலையில் மேல்வாய் வழியாக மட்டும் பெட்ரோல் இறங்கும். மட்டம் அதற்குக் கீழே போனதும் இன்ஜின் திணறும். கையை நீட்டி 'ரிசர்வ்' பக்கம் திருப்பினால் கீழ்வாய் திறக்கும், பங்க் வரை போய்விடலாம். மின்சாரம் இல்லை, மிதவை இல்லை, பழுதாக எதுவும் இல்லை, ஒரே ஒரு வாஷரைத் தவிர.

அந்த வாஷரின் கதைதான் நீளம். 1950களின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் அந்த இடத்தில் இருந்தது ரப்பர் அல்ல, கார்க். 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் ஒரு கார்க் சீவலைப் பார்த்து, அதன் அறைகளைக் கணக்கிட்டு, ஒரு கன அங்குலத்தில் 125 கோடிக்கும் மேல் என்று எழுதினார். மூடிய, காற்றடைத்த அந்த அறைகளால்தான் கார்க் நசுங்கினாலும் பக்கவாட்டில் பிதுங்குவதில்லை. விட்டவுடன் பழைய அளவுக்கு வருகிறது. ஆனால் காய்ந்தால் சுருங்கும். வண்டியை மாதக்கணக்கில் வெறும் டேங்க்கோடு நிறுத்திவிட்டுப் பெட்ரோல் போட்டதும் ஒழுகும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் கார்க்கைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பார்கள். ஊறி உப்பி மறுபடி இறுகும்.

பிறகு நைட்ரைல் ரப்பர் வந்தது. சாதாரண ரப்பர் பெட்ரோலில் போட்டால் ஊறவைத்த கொண்டைக்கடலையாகிவிடும். கரிமச் சங்கிலிகளுக்கிடையே பெட்ரோல் மூலக்கூறுகள் புகுந்து அவற்றை அகட்டுவதே காரணம். அவசரத்துக்கு சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷர் போடுகிறவர்கள் சில நாளில் காக்கைத் திருப்பவே முடியாமல் தவிப்பது இதனால்தான். நைட்ரைலில் மின்முனைப்புள்ள நைட்ரைல் தொகுதிகள் இருப்பதால், முனைப்பற்ற பெட்ரோலுக்கு அது எளிதில் இடம் கொடுப்பதில்லை.

இந்தக் கணக்கு பெட்ரோல் வெறும் பெட்ரோலாக இருந்தவரை சரி. இந்தியாவில் 2003இல் 5 சதவீத எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2022இல் சராசரிக் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது, 2025இல் 20 சதவீதமானது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் கிடைக்கும் எத்தனால் முனைப்புள்ள திரவம். பெட்ரோல் நுழையத் தயங்கிய இடத்தில் அது நுழைகிறது. விசித்திரம் என்னவென்றால், தனிப் பெட்ரோலிலோ தனி எத்தனாலிலோ உப்புவதைவிட, இரண்டும் கலந்ததில் நைட்ரைல் அதிகமாக உப்பக்கூடும். போதாததற்கு, ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் கூட்டுப்பொருள்களையும் அது மெல்லக் கரைத்துக்கொண்டு போகிறது. வண்டி நின்று டேங்க் காய்ந்ததும் வாஷர் பழைய அளவைவிடச் சிறுத்து, விறைத்து, வெடிக்கிறது. சில வண்டிகளில் பெட்ரோல் போட்ட அன்று சொட்டி, மறுநாள் தானாக நிற்பதும் இதே ஆட்டம்தான். ஊறியதால் அடைந்ததே தவிர, சரியாகிவிடவில்லை.

எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். நீர் அளவு மீறினால் அது எத்தனாலையும் கூட்டிக்கொண்டு பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். அடியில்தான் துருத்தூளும் இருக்கிறது, ரிசர்வ் வாயும் இருக்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் காக் சீக்கிரம் தேய்வது வெறும் மூடநம்பிக்கை இல்லை. ஒரு துகள் வாஷர்மேல் இழுக்கும் கோடு போதும். இடுக்கின் உயரம் இருமடங்கானால் கசிவு இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. ஓட்டம் உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது.

ஒரு சொட்டுதானே என்று தோன்றும். பரப்பு இழுவிசை குறைவு என்பதால் பெட்ரோல் சொட்டும் சிறியது, ஏறக்குறைய 0.02 மில்லி. இரண்டு வினாடிக்கு ஒன்று விழுந்தால் ஒரு நாளில் 850 மில்லியைத் தாண்டும். வெளியே விழுவதாவது கண்ணுக்குத் தெரியும். மூடிய காக் உள்ளுக்குள் கசிந்து, கார்புரேட்டரின் ஊசியும் சரியாக அமராவிட்டால், பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. காக் வாஷரின் விலையையும் இன்ஜின் பிரிக்கும் கூலியையும் ஒப்பிட வேண்டியதே இல்லை.

வேலை கடினமானதல்ல. முதலில் எங்கே சொட்டுகிறது என்று துடைத்துப் பாருங்கள். டேங்க்கும் காக்கும் சேருமிடத்தில் என்றால் ஃபைபர் வாஷர். லீவரைச் சுற்றி என்றால் அதன் ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்திருக்கின்றன. மூடியும் பைப்பில் வந்தால் உள்வாஷர். பெட்ரோலை வடித்து, இரண்டு திருகுகளைக் கழற்றினால் லீவரும் வாஷரும் கைக்கு வந்துவிடும். புது வாஷர் போடுமுன் லீவரின் முகத்தைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்த நயமான வாட்டர் பேப்பரில் எட்டுப் போடுவதுபோல் தேய்த்துச் சமமாக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்; கோடு விழுந்த உலோகம் புது ரப்பரையும் கெடுக்கும். திருகை முறுக்கி முறுக்கி இறுக்குவதும் பயனற்றது, வாஷர் நசுங்கி வளையும்.

வழியில் டேங்க் ஒழுகினால் சலவைச் சோப்பைத் தேய்க்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. அது நல்ல வேதியியல். மின்னேற்றம் கொண்ட சோப்பு மூலக்கூறுகளைப் பெட்ரோலால் பிரித்துக் கரைக்க முடியாது. வீடு போய்ச் சேர அது போதும். சிலிகான் பசை மட்டும் வேண்டாம், அது பெட்ரோலில் உப்பி உதிர்ந்து கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும்.

வாஷர் வாங்கும்போது எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஃபுளோரோ ரப்பர், அதாவது வைட்டான் வகை, கிடைக்கிறதா என்று கேளுங்கள். வேலையை வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது தரையோடு பரவி, வாசல்படி தாண்டி, விளக்கோ அடுப்போ எரியும் இடம்வரை போகும். சொட்டும் வண்டியை வீட்டு நடையில் நிறுத்தாதீர்கள். சொட்டாத வண்டியானாலும் இரவில் காக்கை மூடிவிட்டுப் போங்கள்.