டெல்டாக் களிமண்ணில் வீட்டுக் கொல்லை: கார்த்திகையில் தண்ணி எங்கே நிக்குது?

தஞ்சாவூர்ல இருந்து ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. புது வீடு, பின்னாடி மூணு சென்ட் கொல்லை. நர்சரியில ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்காங்களாம்: தென்னை ரெண்டு, மா, பலா, எலுமிச்சை, முருங்கை, வாழை நாலு. எதை எங்கே வைக்கிறதுன்னு கேக்கறாங்க. நான் திருப்பிக் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: கார்த்திகை மாசம் கொல்லையில தண்ணி எங்கே நிக்குது?

தஞ்சாவூர்னு ஒரு பேரைச் சொன்னாலும் மண்ணு ஒண்ணு இல்லைங்க. மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு. பேஞ்ச மழை வடிஞ்சிடும். அங்கே அந்த லிஸ்ட்ல முக்கால்வாசி அப்படியே வரும். கிழக்கே பாபநாசம், கும்பகோணம்னு போகப் போக காவிரி கொண்டாந்து போட்ட வண்டல், கனமான களி. நெல்லுக்கு அது வரம், ஏன்னா தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். மரத்துக்கு அதே குணம்தான் தொந்தரவு. சித்திரையில கை நுழையற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும், ஐப்பசி அடைமழையில சேறா நிக்கும். வேருக்குத் தண்ணி மாதிரியே காத்தும் வேணும். நாள் கணக்கா தண்ணி நின்னா எலுமிச்சையும் பலாவும் வேர் அழுகித்தான் போகும்.

இதுல புது வீட்டுக்காரங்களுக்குன்னு தனியா ஒரு சிக்கல் இருக்கு. நகரைச் சுத்தி நிறைய மனை பழைய நஞ்சைதான். வீடு கட்டற இடத்துக்கு மட்டும் மண்ணடிச்சு மேடாக்குவாங்க, கொல்லை பழைய மட்டத்திலேயே கிடக்கும். கூரைத் தண்ணி மொத்தமும் அங்கேதான் வந்து சேரும்.

உங்க மண்ணு எப்படின்னு தெரியணும்னா, கோடை மழை ஒண்ணு பேஞ்சதும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி தண்ணி நிரப்புங்க. மறுநாள் காலையில வத்தியிருந்தா நல்ல மண். இன்னும் நின்னுக்கிட்டு இருந்தா, "குழி வெட்டி, மணலும் எருவும் போட்டு நடு"ங்கற வழக்கமான யோசனை உங்களுக்கு ஆகாது. களிமண்ணுல வெட்டின குழி ஒரு தொட்டி மாதிரி. உள்ளே பொலபொலன்னு மண்ணு போட்டா, சுத்தி இருக்கிற தண்ணியெல்லாம் அதுக்குள்ளே இறங்கி, வெளியே போக வழியில்லாம நிக்கும். செடி தொட்டிக்குள்ளே உக்காந்திருக்கும்.

இதுக்கு விடை நம்ம ஊர்லயே ரொம்ப காலமா இருக்கு: வெத்தலைக் கொடிக்கால். ரெண்டு மீட்டர் அகலத்துக்கு மேட்டுப்பாத்தி, பாத்திக்குப் பாத்தி நடுவுல அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால், கொடி ஏற அகத்தி. வெத்தலைக்கு ஈரம் எப்பவும் வேணும், ஆனா வேர்ல தண்ணி நிக்கவே கூடாது. அதே களிமண்ணுல இந்த ரெண்டையும் சாதிக்கிற அமைப்பு அது. வீட்டுக் கொல்லைக்கு அதைச் சின்னதாக்கினா போதும். தாழ்வான பக்கமா ஒரு வாய்க்கால் வெட்டுங்க, வெட்டின மண்ணை ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி உயர மேடா போடுங்க. எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் மேட்டு மேலே. வாய்க்கால் ஓரம் வாழை, உள்ளே சேம்பு. ரெண்டுமே ஈரத்தை விரும்பும். ஆனா வாழையும் நிக்கிற தண்ணியில தாங்காது, அதனால ஓரம்னா ஓரம்தான்.

அடுப்படித் தண்ணியை வாழைக்கு விடுறது நல்ல பழக்கம். வாஷிங் மெஷின் தண்ணியை மட்டும் விடாதீங்க. சோப்புத்தூள்ல இருக்கிற சோடியம் களிமண்ணை இன்னும் இறுக்கிடும்.

இப்போ தென்னைக்கு வருவோம். மரத்துக்கு மரம் 25 அடி விடணும். மூணு சென்ட்ங்கறது சுமார் 1,300 சதுர அடி. ரெண்டு தென்னை வெச்சா பத்து வருஷத்துல மத்த எல்லாம் நிழல்ல நிக்கும். ஒண்ணு போதும், அதையும் சுவத்துல இருந்து 12 அடியாவது தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடமா பாத்து வைங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தப்போ, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புத் தோப்பா தென்னை சாஞ்சுது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். நெட்டை ரகம்னா மறுபடி வெச்சுக் காய் பாக்க ஆறேழு வருஷம் ஆகும். இத்தனைக்கும் தென்னையையே நம்பியிருந்த குடும்பங்கள் அவங்க. அதனால கொல்லையில எல்லாத்தையும் உயரமான மரமா வைக்காதீங்கன்னு சொல்றேன். வாழை சாஞ்சா பக்கக்கன்னு வரும், முருங்கை முறிஞ்சா போத்தை நட்டு மறுபடி வளத்துக்கலாம்.

மா, பலா? இந்தக் கொல்லைக்கு ரெண்டுமே பெருசு. ஆசையை விட முடியலைன்னா ஒட்டு மாங்கன்னு ஒண்ணு, இருக்கிறதுலேயே உயரமான மூலையில. பலாவை நான் லிஸ்ட்ல இருந்தே அடிச்சிடுவேன்.

எப்போ நடறது? ஆடிப்பட்டம் காய்கறிக்கும் கீரைக்கும் பிரமாதம். ஆனா தாழ்வான களிமண் கொல்லையில மரக்கன்னை ஆடியில வெச்சா, மூணே மாசத்துல அடைமழை வந்துடும், வேர் இன்னும் பிடிச்சிருக்காது. நான் தை மாசம்தான் சொல்வேன். மழை ஓஞ்சிருக்கும், மண்ணுல ஈரம் இருக்கும், அடுத்த ஐப்பசிக்கு ஒன்பது மாசம் டைம் கிடைக்கும். கோடையில தண்ணி ஊத்தித்தான் ஆகணும். மூடாக்கா வைக்கோலை அரை அடிக்குப் பரப்பிட்டா மண்ணு வெடிக்கிறது குறையும், தண்டை ஒட்டி மட்டும் போடாதீங்க.

அதனால இந்த வருஷம் எதையும் வாங்காம, கார்த்திகையில நல்ல மழை பேஞ்ச மறுநாள் கொல்லையில இறங்கி நடங்க. தண்ணி நிக்கிற இடத்துல எல்லாம் ஒரு குச்சி நட்டு வைங்க. வாய்க்கால் அந்தக் குச்சி வழியாத்தான் போகணும்.